கத்தியில் முத்திரை: தோய்ச்சலுக்கு முன்னா, பின்னா?

கத்தி செய்யப் பழகுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற ஆசை, அதில் தன் பெயரையோ ஒரு சின்னத்தையோ பதித்துவிட வேண்டும் என்பது. ஆசை வரட்டும். ஆனால் பெரும்பாலும் அது கத்தி முக்கால்வாசி முடிந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் சில கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். தோய்ச்சல் போட்ட எஃகில், அதாவது சிவக்கச் சூடேற்றி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிய எஃகில், அச்சு அடிக்க முடியாது. கைப்பிடி ஒட்டிய கத்தியில் மின்கம்பி மாட்ட இடம் இருக்காது. மெருகேற்றிய பக்கத்தில் கை தவறினால் திரும்ப முதலிலிருந்து உப்புத்தாள் போட வேண்டும்.

அதனால் எந்த முறை, என்ன கருவி என்று தேடப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்த பிறகு அந்த இடத்தை இன்னும் எவ்வளவு தேய்க்கப் போகிறீர்கள்? முத்திரையின் ஆழம், அதைப் போட வேண்டிய நேரம், முறை மூன்றுமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது: தோய்ச்சல் முடித்து, டெம்பர் (எளிதில் உடையாதபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது) முடித்து, கடைசி உப்புத்தாளும் போட்டு முடித்து, கைப்பிடி ஒட்டுவதற்கு முன்னால், உப்புநீரில் நனைத்த துணி வழியாக மின்சாரம் செலுத்தி அரித்துப் பதியுங்கள். ஏன் அப்படி என்பதையும், எப்படிச் செய்வது என்பதையும் கீழே விரிவாகச் சொல்கிறேன். வேறு நேரத்தில் பதிப்பதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. அதையும் பார்க்கலாம்.

உலைக்குள் முத்திரைக்கு என்ன ஆகிறது

1084 போன்ற சாதாரணக் கார்பன் எஃகைத் தோய்ச்சலுக்கு ஏறக்குறைய 815 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறோம். அதாவது எஃகில் காந்தம் ஒட்டாமல் போகிற 770 டிகிரியையும் தாண்டி. அந்தச் சூட்டில் காற்று பட்டால் எஃகின் தோல் ஆக்சிஜனோடு சேர்ந்து கருஞ்செதிலாக உரிகிறது. அதற்கு அடியிலும் கொஞ்ச தூரத்துக்குக் கார்பன் வெளியேறி, எஃகு மெத்தென்று ஆகிவிடுகிறது. இந்த இரண்டையும் தேய்த்து எடுத்தால்தான் நல்ல எஃகு கிடைக்கும். திறந்த உலையில் சூடேற்றியிருந்தால் ஒவ்வொரு பக்கமும் 0.1 மில்லிமீட்டராவது போகும். சூட்டில் அதிக நேரம் வைத்திருந்தால் இன்னும் கூடப் போகும்.

மின்சாரத்தால் அரித்த சாதாரண முத்திரையின் ஆழம் 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கும். கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும். முன்னாலேயே அரித்து வைத்தால், உலையிலிருந்து வந்த கத்தியைத் தேய்க்கும்போது முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

துருப்பிடிக்காத எஃகில் கதை கொஞ்சம் மாறும். 440சி, ஏஇபி-எல் போன்றவற்றை 1000 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டியிருக்கிறது. அப்போது கத்தியைத் துருப்பிடிக்காத எஃகுத் தாளில் காற்றுப் புகாமல் மடித்து உலைக்குள் வைப்பார்கள். செதில் அவ்வளவாகப் பிடிக்காது. அங்கே முன்னால் போட்ட ஆழமான அரிப்பு பிழைக்கும். ஆனாலும் பின்னால் தேய்த்து மெருகேற்றுகிற வேலை இருக்கிறதே!

இன்னொன்று. மின் அரிப்புக்கு எஃகு கடினமாக இருக்கிறதா மென்மையாக இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை. இரும்பு அணுக்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து உப்புநீருக்குள் போகின்றன. எதுவும் எதையும் இடிப்பதில்லை, சுரண்டுவதில்லை. தோய்ச்சல் போட்ட எஃகும் போடாத எஃகும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் அரிபடும். அரிக்கும்போது கத்தி கொஞ்சம் சூடாகும், ஆனால் 200 டிகிரியை ஒட்டிய டெம்பர் சூட்டுக்கு அருகில்கூடப் போகாது. “தோய்ச்சலுக்குப் பிறகு மின்சாரம் கொடுத்தால் கத்தியின் பதம் கெட்டுப்போகுமா?” என்று பலர் கேட்கிறார்கள். கெடாது. பெல்ட் கிரைண்டரில் தண்ணீரில் நனைக்காமல் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பைத் தேய்ப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

முன்னாலேயே பதிப்பதென்றால்

தோய்ச்சலுக்கு முன் பதிக்க ஏற்றது அச்சு. கடினமான எஃகில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கிய அச்சை வைத்து, சுத்தியலாலோ பிரஸ்ஸாலோ ஓங்கி அடிப்பது. 0.3 மில்லிமீட்டர், அதற்கும் மேல் ஆழம் கிடைக்கும் என்பதால் செதிலைத் தேய்த்த பிறகும் எழுத்து நிற்கும். அடித்துச் செய்த கத்தியில் உலையின் கருமையை அப்படியே விட்டுவைக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு இதைவிட அழகானது இல்லை. எழுத்தின் பள்ளத்தில் கருமை தங்கிப்போகும்.

அச்சு அடிக்க எஃகு மென்மையாக இருந்தே ஆக வேண்டும். கடையில் வாங்கும் பட்டை பெரும்பாலும் மென்பதத்தில்தான் வரும். உலையில் அடித்து வடித்த கத்தியென்றால் சிவக்கச் சூடேற்றிச் சாம்பலுக்குள்ளோ சூடு காக்கும் வேறு எதற்குள்ளோ புதைத்து, மெதுவாக ஆறவிட்ட பிறகு அடியுங்கள். தோய்ச்சல் போட்ட கத்தியில் அச்சு அடிக்க ஒருபோதும் முயலாதீர்கள். எழுத்து விழாது என்பது மட்டும் இல்லை. அச்சின் முனை சில்லாகத் தெறித்துக் கண்ணுக்கு வரலாம், கத்தியிலும் விரிசல் விழலாம்.

இன்னும் சில விஷயங்கள். வாய்க்குச் சரிவு தேய்ப்பதற்கு முன்னால், பட்டை தட்டையாக இருக்கும்போதே அடியுங்கள். அடியில் பட்டறைக்கல் முழுதாகத் தாங்க வேண்டும். அடி ஒன்றுதான். இரண்டாவது அடியில் அச்சு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். அதனால்தான் சுத்தியலைவிட பிரஸ் நல்லது. எழுத்தைச் சுற்றி எஃகு லேசாகப் புடைத்து நிற்கும், பட்டையும் கொஞ்சம் வளைந்திருக்கும். புடைப்பைத் தட்டையான அரத்தால் தேய்த்து, வளைவை நிமிர்த்தி, தோய்ச்சலுக்கு முன் ஒருமுறை சூடேற்றிக் காற்றில் ஆறவிடுங்கள். அடியால் எஃகுக்குள் தங்கிய இறுக்கம் தளரும். அப்படியே தோய்ச்சலுக்குப் போனால் கத்தி முறுக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அச்சின் அடிப்பகுதி கூர்மையான மூலைகளோடு இருந்தால் தோய்ச்சலில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சூடான எஃகு எண்ணெயில் நொடிப்பொழுதில் சுருங்குகிறது, உடனே கடினமாகிறது. அந்த இழுவிசை முழுவதும் கூரான பள்ளத்தின் அடியில் போய்க் குவியும். எண்ணெயிலேயே இப்படி என்றால், தண்ணீரில் முக்குபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஓரம் லேசாக உருண்ட அச்சைச் செய்யச் சொல்லி வாங்குங்கள். முத்திரையைக் கத்தியின் தடித்த பகுதியில், கைப்பிடிக்கு முன்னால் கூர் போடாத இடத்தில் வையுங்கள். வாயை நோக்கி மெலிகிற சரிவில் வைக்கவே வேண்டாம்.

ஜப்பானிய வாள் கொல்லர்கள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை உளியால் வெட்டுவது கைப்பிடிக்குள் மறைகிற வால் பகுதியில். அங்கே தோய்ச்சல் ஏறுவதில்லை. வாயெல்லாம் கண்ணாடியைக் கீறுகிற அளவு கடினமாகியிருக்கும்போது, வாலில் உளி சாதாரணமாக இறங்கும்.

எதை எழுதுவது

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பலர் கருவிக்குக் கொடுக்கிற யோசனையில் பாதிகூடச் சின்னத்துக்குக் கொடுப்பதில்லை.

அரிப்பு கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் போகும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவு ஓரத்திலும் தின்னும். மெல்லிய கோடுகள் இரண்டு அருகருகே இருந்தால் நடுவில் உள்ள சுவர் கரைந்து ஒரே குழியாகிவிடும். கோடு 0.3 மில்லிமீட்டருக்குக் குறையாமல், இடைவெளியும் அதே அளவுக்குக் குறையாமல் வரையுங்கள். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

தமிழ் எழுத்தில் பதிக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் எழுத்துகளில் சுழி அதிகம். ‘ண’, ‘ஞ’, ‘ஓ’ எதை எடுத்தாலும் உள்ளே ஒரு மூடிய தீவு இருக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் வெட்டுகிற ஸ்டென்சிலில் (எழுத்து மட்டும் திறந்திருக்கும் மறைப்பு) அந்தத் தீவுகள் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்துவரும். மேலே இடம் மாற்றுவதற்கான டேப் ஒட்டி மொத்தமாகத் தூக்கி வைக்காவிட்டால் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு குண்டு குண்டாகப் பதியும். மெய்யெழுத்தின் புள்ளி இதற்கு நேர்மாறு. அது அவ்வளவு சின்ன ஓட்டையாக இருக்கும், உப்புநீர் உள்ளே போவதே சிரமம். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி வரையுங்கள். முழுப்பெயரைவிட ஓரெழுத்தோ, கோட்டுச்சின்னமோ கத்தியில் நன்றாக நிற்கும்.

வேறொருவர் சின்னத்தைப் போலவே உங்களுடையது இருந்துவிடக் கூடாது. முத்திரை என்பது யார் செய்தது என்பதற்கான அடையாளம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்வோர் சங்கம் 1624இல் சட்டப்படி அமைக்கப்பட்டபோது, அதன் முக்கிய வேலைகளில் ஒன்று யாருக்கு எந்த முத்திரை என்று பதிவேடு வைப்பதாகவே இருந்தது.

ஸ்டென்சில்

ஒரே ஒரு கத்திக்கு மட்டும் என்றால் நெயில் பாலிஷ் போதும். முத்திரை வரும் இடத்தில் சீராகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, ஊசியால் எழுத்தைக் கீறுங்கள். எஃகு பளிச்சென்று தெரிகிற இடம்தான் அரிபடும். பாதி காய்ந்த பூச்சைக் கீறினால் ஓரம் பிசிறடிக்கும். பொறுமை வேண்டும்.

ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் கணினி வெட்டுக் கருவியில் வெட்டினால் நேர்க்கோடுகள் சுத்தமாக வரும். ஒரு ஸ்டென்சில் ஒரு தடவைக்குத்தான். நுணுக்கமான வேலைக்கு ஒளியால் பதியும் படலம் இருக்கிறது. உருவத்தைத் தெளிந்த தாளில் கறுப்பாக அச்சிட்டு, படலத்தின் மேல் வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, சலவைச் சோடா கரைத்த நீரில் கழுவினால் ஒளி படாத இடம் மட்டும் கரைந்து போகும். அதிகமாகக் கத்தி செய்கிறவர்கள், திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய மெல்லிய வலை ஸ்டென்சிலைத் தங்கள் சின்னத்தோடு செய்து வாங்கிக்கொள்கிறார்கள். புதியவர்களுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

மின் இணைப்பு

தத்துவம் எளிது. நேர்மின்சாரத்தில் (டிசி), பாசிட்டிவ் முனையில் இணைத்த உலோகம் கரையும். அதனால் கத்தி பாசிட்டிவ், உப்புநீரில் நனைத்த பஞ்சு நெகட்டிவ். மாற்றி மாட்டினால் கத்தி கரையாது, பஞ்சைப் பிடித்திருக்கிற உலோகம்தான் கரையும். டிசி கொடுத்தால் பள்ளம் விழும். மாறுதிசை மின்சாரமான ஏசி கொடுத்தால் பள்ளம் அவ்வளவாக விழாமல், அடியில் கறுப்பு ஆக்சைடு படியும். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் ஆழமும் கருமையும் சேர்ந்து கிடைக்கும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர் அடாப்டர் போதும். 9 வோல்ட் பேட்டரியிலும் சின்ன முத்திரை ஒன்று போடலாம். ஏசி வேண்டுமென்றால் 12 முதல் 24 வோல்ட் வரை கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். சுவர் மின்சாரத்தை எந்த வகையிலும் நேரடியாகக் கொண்டுவராதீர்கள். உப்புநீரில் கை நனைந்திருக்கிற வேலை இது. வண்டி பேட்டரியும் வேண்டாம். தவறிப்போய் முனைகள் தொட்டுக்கொண்டால் அது கொட்டுகிற மின்னோட்டத்தைத் தாங்க முடியாது.

கத்தியோடு இணைக்க முதலை கிளிப். மறுமுனைக்குச் சின்ன உலோகத் துண்டின் மேல் கம்பளித் துணியையோ ஃபெல்ட்டையோ இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை கிளிப்பில் கவ்வி வைத்தும் சிலர் செய்கிறார்கள். வேலை நடக்கும், ஆனால் சீராக வராது. எப்படியிருந்தாலும் உலோகம் துணியைத் தாண்டி வந்து கத்தியைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரு பொறி. கத்தியில் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு குழி.

உப்புநீருக்கு 100 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையலுப்பு. கார்பன் எஃகுக்கு இதுவே நன்றாக வேலை செய்யும். துருப்பிடிக்காத எஃகில் உப்புநீர் சில சமயம் பழுப்பேறிய, சீரற்ற முத்திரையைத் தரும். அதற்கென்று விற்கும் அரிப்புத் திரவத்தை வாங்கிவிடுவதே நல்லது.

வேலை நடக்கிற வரிசை

1. தோய்ச்சல் போட்டதும், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியவுடன் தாமதிக்காமல் டெம்பர் போடுங்கள். 1084க்கு ஏறக்குறைய 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை. டெம்பர் போடாத கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையும். அதை வைத்துக்கொண்டு முத்திரை வேலையெல்லாம் வேண்டாம். செதிலை வினிகரில் ஊறவைத்து எடுப்பவர்களும் டெம்பருக்குப் பிறகே ஊறவையுங்கள்.

2. செதிலையும் மெத்தென்ற தோலையும் தேய்த்து எடுத்து, கடைசி உப்புத்தாள் வரை முடித்துவிடுங்கள். 400 நம்பரோ 600 நம்பரோ, எதில் நிறுத்தப் போகிறீர்களோ அதுவரை. உங்கள் கத்தியோடு அதே பட்டையின் துண்டு ஒன்றையும் தோய்ச்சல் போட்டு வைத்திருந்தால் இப்போது உதவும். அதில் ஒத்திகை பார்க்காமல் கத்தியைத் தொடாதீர்கள். எஃகுக்கு எஃகு நேரம் மாறும்.

3. முத்திரைப் பக்கத்தைத் தீர்மானியுங்கள். வாய் கீழே, நுனி இடப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் தெரிகிற பக்கம்தான் வழக்கம். சமையலறைக் கத்தி என்றால் முதுகை ஒட்டியும் கைப்பிடிக்கு அருகிலும் வையுங்கள். ஆழமான எழுத்தில் உணவுத் துணுக்கு தங்கும், அது வெட்டுகிற இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். பென்சிலால் நடுக்கோடு போட்டுப் பாருங்கள். கைப்பிடியின் முன்விளிம்பு எங்கே வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரையில் பாதி கைப்பிடிக்குள் மறைந்துபோன கத்திகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

4. எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது. இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாமே வீண். அசிட்டோனைச் சுத்தமான துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். துணியை மாற்றித் திரும்பத் துடையுங்கள். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் இருக்கிறது, மறுபடியும் அசிட்டோன். துடைத்துக் காய்ந்த பிறகு விரல் படக் கூடாது. விரல் ரேகையே ஒரு எண்ணெய்ப் படலம்தான்.

5. ஸ்டென்சிலை ஒட்டி, நகத்தாலோ மழுங்கிய பிளாஸ்டிக் துண்டாலோ ஓரங்களை நன்றாக அழுத்துங்கள். நெயில் பாலிஷ் முறை என்றால், பூசிக் காயவைத்துக் கீறுவது இந்தக் கட்டத்தில். அதைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு டேப். மீதிக் கத்தியையும் டேப்பால் மூடிவிடுங்கள். ஒரு சொட்டு வழிந்து போய் மெருகேறிய இடத்தில் நின்றாலும் மறுநாள் அங்கே துருப்புள்ளி தெரியும்.

6. பாசிட்டிவ் கிளிப்பை வால் பகுதியில் மாட்டுங்கள். கைப்பிடி ஒட்டியிருந்தால் இந்த இடம் கிடைக்காது, வாயிலோ முதுகிலோ கவ்வ வேண்டிவரும், கிளிப்பின் பல் பதிந்துபோகும்.

7. துணியை உப்புநீரில் நனைத்துப் பிழியுங்கள். ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. ஈரம் மிஞ்சினால் ஸ்டென்சிலுக்கு அடியில் ஊறும். குறைந்தால் அரிப்பு திட்டுத்திட்டாக விழும்.

8. இப்போது டிசி. துணியை எழுத்தின் மேல் தட்டையாக வைத்து மெல்ல அழுத்துங்கள். ‘சுர்’ரென்று மெலிதாக ஒரு சத்தம் கேட்கும், துணியின் ஓரத்தில் நுரை போல நுண்ணிய குமிழிகள் எழும். 3 முதல் 5 நொடி, பிறகு தூக்கிவிடுங்கள். தூக்கிப் பார்த்தால் துணியில் எழுத்தின் வடிவிலேயே பச்சையும் கறுப்புமாக ஒரு கறை இருக்கும். கரைந்து வந்த எஃகு அதுதான். துணியை நகர்த்திச் சுத்தமான பகுதியை வைத்து மறுபடியும் 3 முதல் 5 நொடி. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் துணி சூடாகி ஸ்டென்சிலின் பசை இளகிவிடும், எழுத்தின் ஓரம் கலங்கிப்போகும். மொத்தம் ஒரு நிமிடம் வரை இப்படித் தொட்டுத் தொட்டு எடுங்கள். நடுவில் ஒரு தடவை ஈரத்தை ஒற்றியெடுத்து நகநுனியால் வருடிப் பாருங்கள். நகம் விளிம்பில் தட்டினால் ஆழம் வந்துவிட்டது.

9. ஏசி இருந்தால் இப்போது மாற்றி, துணியையும் புதிதாக மாற்றி, அதே போல மூன்று நான்கு தடவை தொட்டெடுங்கள். எழுத்தின் அடி சாம்பல் நிறத்திலிருந்து கறுப்பாவது தெரியும். ஏசி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். எழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கும், பள்ளம் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். வேண்டுமானால் கடைசியில் கறுப்பு எனாமல் பெயிண்டைப் பள்ளத்தில் தேய்த்து, மேலே நிற்பதைத் துடைத்துவிடலாம்.

10. ஸ்டென்சிலை உரிப்பதற்கு முன்னாலேயே சமையல் சோடா கரைத்த நீரை மேலே தெளியுங்கள். அப்புறம் உரித்து, நெயில் பாலிஷ் என்றால் அசிட்டோனால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே காயவையுங்கள். உப்பு ஒரு துளி தங்கினாலும் கார்பன் எஃகு சில மணி நேரத்திலேயே துருப்பிடித்துவிடும். காய்ந்ததும் எண்ணெய் பூசுங்கள்.

11. எழுத்தைச் சுற்றி மங்கலாக ஒரு நிழல் படிந்திருக்கும். நீங்கள் முடித்த அதே நம்பர் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, கத்தியின் நீளவாக்கில் இரண்டு மூன்று இழுப்பு. நிழல் போய், பள்ளத்தில் மட்டும் கருமை நிற்கும். இந்த இடத்தில் விரலால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் எழுத்தின் விளிம்பு உருண்டு போகும், கூர்மை போய்விடும். கட்டை கட்டாயம்.

கைப்பிடி, பிறகு கூர் தீட்டுவது எல்லாம் இதற்கு அப்புறம்தான். கூர் தீட்டாத கத்தியோடு இந்த வேலையைச் செய்வது கைக்கும் நல்லது.

சரியாக வராவிட்டால்

எழுத்தின் ஒரு பாதி ஆழமாகவும் மறுபாதி மங்கலாகவும் இருந்தால் துணி சமமாகப் படவில்லை, அல்லது அந்தப் பாதியில் எண்ணெய்ப் பசை இருந்தது. எழுத்தே விழாமல் நுரை மட்டும் வந்தால் முனைகள் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எழுத்தைத் தாண்டி வெளியே கறை பரவியிருந்தால் துணியில் ஈரம் அதிகம், அல்லது ஸ்டென்சில் ஓரம் ஒட்டவில்லை. லேசான கறை என்றால் 11ஆவது படியிலேயே போய்விடும். ஆழமாக அரித்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் பழைய உப்புத்தாளிலிருந்து திரும்பத் தேய்க்க வேண்டும். குழி விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் வெளிச்சத்தில் பள்ளமாகத் தெரியும்.

உரித்த ஸ்டென்சிலைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டி ஆழப்படுத்த முயல்வது வீண் வேலை. எவ்வளவு பார்த்து ஒட்டினாலும் மயிரிழை விலகும், எழுத்துக்கு இரட்டை விளிம்பு வந்துவிடும். அதனால் உரிப்பதற்கு முன்னாலேயே ஆழம் போதுமா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

நடு வழி ஒன்று

கொஞ்சம் கை பழகியவர்கள் செய்கிற இன்னொரு வரிசை உண்டு. தோய்ச்சலும் டெம்பரும் முடித்து, 220 நம்பர் வரை தேய்த்த நிலையில் டிசியில் நன்றாக ஆழமாக, 0.1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் அரிப்பது. பிறகு கடைசி உப்புத்தாள் வரை போவது. பின்னால் வரும் தேய்ப்பு எழுத்தின் விளிம்பைச் சுத்தமாக வெட்டிக் கொடுக்கும், நிழல் என்ற பேச்சே இருக்காது. கருமையும் கொஞ்சம் தேய்ந்து போகும் என்பதுதான் ஒரே நஷ்டம். எனக்குப் பிடித்தது இந்த வரிசைதான். ஆனால் எவ்வளவு தேய்க்கப் போகிறோம் என்று கைக்குத் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது.

டமாஸ்கஸ் கத்திகளுக்கு வேறு யோசனை வேண்டும். அடுக்கடுக்கான எஃகின் கோலத்தை வெளியே கொண்டுவர, முடித்த கத்தியை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் முக்குகிறோம். அது முத்திரையையும் சேர்த்துத் தின்னும். கோலம் போட்ட பிறகு கறுப்பாக முத்திரை போட்டாலோ, கறுப்பும் வெள்ளையுமான கோலத்தில் அது தெரியவே தெரியாது. தோய்ச்சலுக்கு முன் அச்சு அடிப்பது, அல்லது கோலத்துக்கு முன் டிசியில் ஆழமாக அரிப்பது, இந்த இரண்டில் ஒன்றுதான் சரிப்படும்.

லேசர் இருந்தால் தோய்ச்சலுக்குப் பிறகு எந்த நேரத்திலும் போடலாம், ஸ்டென்சிலும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகில் லேசரால் கறுக்கவைத்த முத்திரை மட்டும் துருவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

கையுறை, கண்ணாடி, கழிவு

ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். உப்புநீரில் மின்சாரம் போகும்போது ஹைட்ரஜன் குமிழிகளோடு, கொஞ்சம் குளோரினும் வரலாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். துடைத்த துணியும் டப்பாவும் மேசையை விட்டுப் போன பிறகே மின்சாரம் போடுங்கள்.

துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் இருக்கிறது. அரிக்கும்போது அது துணியிலும் திரவத்திலும் வந்து சேர்கிறது. அதன் சில வடிவங்கள் நஞ்சு. அதனால் அந்தத் திரவத்தைத் தொட்டியிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள், பயன்படுத்திய துணியைச் சமையலறைக் குப்பையிலும் போடாதீர்கள். மூடிய பாட்டில் ஒன்றில் சேர்த்துவைத்து, ரசாயனக் கழிவை வாங்கிக்கொள்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு முத்திரைக்கு ஒரு கரண்டித் திரவம்கூடச் செலவாகாது, பாட்டில் நிறைய நாளாகும். முதலிலேயே கொஞ்சமாகக் கலக்குங்கள். மிச்சத்தைத் திரும்ப நல்ல திரவத்தோடு ஊற்றிவைக்கவும் வேண்டாம், அழுக்கேறிய திரவம் அடுத்த கத்தியில் திட்டுத்திட்டாகப் பதியும்.